கெண்டைக்கு இரை: மட்டக்களப்பு, அம்பாறைக் குளங்களுக்கான முழுமையான வழிகாட்டி

தூண்டில் போடப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் கெண்டைக்கு என்ன பிடிக்கும் என்றே கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கெண்டை வந்து சேரும்வரை இரை முள்ளில் இருக்குமா? உன்னிச்சை, உறுகாமம், வாகனேரி, நவகிரி, அம்பாறைப் பக்கம் கொண்டவட்டுவான், தெற்கே சாகாமம் என்று எந்தக் குளத்தில் இறங்கினாலும் இரையை முதலில் கண்டுபிடிப்பவை திலாப்பியாவும் விரல் நீளச் சிறுமீன்களும்தான். 1952இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று நம் குளங்களில் தன் வீடுபோல வாழ்கிறது. பாண் உருண்டையைப் போட்டுவிட்டு மிதப்பு துள்ளுவதைப் பார்த்து மகிழ்கிறவர், பெரும்பாலும் அவற்றுக்குக் காலை உணவு கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது எதிரி வெயில். காலையில் பிசைந்த மா மதியத்துக்குள் புளித்துப் பிசுபிசுக்கிற ஊர் இது. ஆகவே இந்த வழிகாட்டியில் உறுதிக்கு முதலிடம், பழுதில்லாமைக்கு அடுத்த இடம். வாசனை மூன்றாவதாகத்தான் வரும். கடையில் விற்கிற வாசனைப் போத்தலை நம்பியிருப்பவர்களுக்கு இந்த வரிசை பிடிக்காது.

முதலில் வாயைப் பாருங்கள்

கெண்டை என்று ஒரே பெயரில் அழைத்தாலும் நம் குளங்களில் இருப்பவை பல இனம். கட்லா, ரோகு போன்றவை ஆற்று மீன்கள். தேங்கிய குளத்தில் தாமாகப் பெருகுவது அரிது. அதனால்தான் இங்கினியாகலை போன்ற இடங்களில் குஞ்சு பொரிக்க வைத்து, வளர்த்துக் குளங்களில் விடுகிறார்கள். உங்கள் குளத்தில் எந்த இனம் விடப்பட்டது என்பது அங்குள்ள நன்னீர் மீனவர் சங்கத்தாருக்குத் தெரியும். அவர்களிடம் கேட்பதுதான் இரைத் தேர்வின் முதற்படி. மீன் பிடிக்க அனுமதி கேட்கும்போதே இதையும் கேட்டுவிடலாம்.

சாதாரண கெண்டைக்கு உதட்டோரம் இரண்டு சோடி மீசை இருக்கும். அந்த மீசையிலும் உதட்டிலும் சுவை உணரும் மொட்டுகள் நிறைந்திருக்கின்றன. அடிச்சேற்றை உறிஞ்சி, சப்பிப் பார்த்து, வேண்டாததைத் துப்பிவிடும். தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நத்தை ஓட்டையும் நொறுக்கிவிடும். எனவே அடியில் கிடக்கும் கடினமான இரை அதற்குப் பிரச்சினையே இல்லை. மிரிகாலும் அடியில்தான் மேயும், ஆனால் வாய் சிறியது, மக்கிய பொருளைத் தின்பது. அதற்குச் சிறிய, மென்மையான இரை வேண்டும். ரோகு நடு நீரிலும் அடியை ஒட்டியும் திரியும். தவிடு, புண்ணாக்கு, மா எல்லாவற்றையும் எடுக்கும். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும், மீசையும் இல்லை. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்துத் தின்கிற மீனுக்கு அடியில் சோளத்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. புல் கெண்டைக்கு இளம் புல்லும் இலையும். வெள்ளிக் கெண்டையைத் தூண்டிலில் பிடிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அது பாசியை வடித்துத் தின்கிற மீன்.

மட்டக்களப்பு வாவியில் கெண்டை தேடி அலைய வேண்டாம். அது உவர்நீர். மாரியில் குளம் வான் பாயும்போது ஓடைகளோடு இறங்கிவரும் சில மீன்கள் அகப்படலாம், அவ்வளவுதான்.

சோளம்: இதை ஒழுங்காகச் செய்தால் பாதி வேலை முடிந்தது

நம் குளங்களுக்கு ஒரே ஓர் இரையைத்தான் எடுத்துச் செல்லலாம் என்றால் நான் முற்றிய காய்ந்த சோளத்தையே எடுப்பேன். விலை குறைவு, படுவான்கரையிலும் அம்பாறையின் மேட்டுநிலங்களிலும் விளைவது, சிறுமீன் கொத்தினாலும் தோல் தாங்கும். தெருவோரத்தில் அவித்து விற்கும் இளஞ்சோளம் தின்ன நல்லது, தூண்டிலுக்கு அல்ல. அதன் உள்ளே இருப்பதைத் திலாப்பியா உறிஞ்சிவிட்டு வெறும் தோலை முள்ளில் விட்டுச்செல்லும். டின்னில் வரும் இனிப்புச் சோளமும் அப்படியே.

வாங்கும்போது ஒரு கைப்பிடியை உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். முழு மணியாக, நுனி கறுக்காமல், மஞ்சள் பளிச்சென்று இருக்க வேண்டும். பூஞ்சணம் வாடை வந்தால், மணிகளுக்கிடையே சாம்பல் அல்லது பச்சைத் தூள் ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள். பூஞ்சணம் பிடித்த சோளத்திலும் கச்சானிலும் அஃப்லாடொக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். கோழித் தீவனக் கடையில் உடைத்த சோளம்தான் கூடுதலாக இருக்கும். முழுச் சோளத்தைக் கேட்டு வாங்குங்கள். விதைக்காக விற்கப்படும் சோளத்தை ஒருபோதும் எடுக்க வேண்டாம். இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறியிருந்தால் அது பூஞ்சணக்கொல்லி பூசிய விதை. அந்த மீனைத் தின்னப்போவது நீங்கள்.

ஒரு கிலோ சோளத்துக்கு மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றி 24 மணித்தியாலம் ஊற விடுங்கள். மணி பருத்து ஏறக்குறைய இரு மடங்காகும். பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டும். மிதக்கும் மணிகளை அள்ளி வீசிவிடுங்கள், அவை பூச்சி குடைந்தவை. பிறகு அதே தண்ணீரில் அடுப்பேற்றி, கொதி வந்தபின் 30 முதல் 40 நிமிடம் அவியுங்கள். பதம் பார்ப்பது கண்ணால் அல்ல, நகத்தால். ஒரு மணியை எடுத்துப் பெருவிரல் நகத்தால் அழுத்தினால் தோல் சற்று எதிர்த்து நின்று பிறகு பிளக்க வேண்டும். உள்ளே மா வெள்ளை தெரியாமல் ஒரே மஞ்சளாக வெந்திருக்க வேண்டும். தோல் தானாக வெடித்துச் சோறாகிவிட்டால் அதை மீனை இழுக்க முள்ளைச் சுற்றித் தூவுவதற்கு வைத்துக்கொள்ளலாம், முள்ளுக்கு உதவாது. வேகாத சோளத்தைத் தூவுவதோ பெரிய தவறு. கெண்டை இனத்துக்கு இரைப்பை கிடையாது. காய்ந்த தானியம் குடலுக்குள் போய் ஊறிப் பருத்தால் மீன் துன்பப்படும்.

அவித்த தண்ணீரை வடிக்க வேண்டாம். அதில்தான் சர்க்கரையும் மாச்சத்தும் கரைந்திருக்கின்றன. மூடியைச் சற்றே திறந்து வைத்து அப்படியே விட்டால் அடுத்த நாள் தண்ணீர் பசைபோல் தடித்து, மேலே மெல்லிய நுரை கட்டி, இனிப்பும் புளிப்பும் கலந்த கள்ளு வாடை வரும். அதுதான் பதம். குளிர் நாடுகளில் இதற்கு மூன்று நான்கு நாள் காத்திருப்பார்கள். நமக்கு ஒரு நாள் போதும், இரண்டாம் நாள் எல்லை. கள்ளு வாடை போய் அழுகல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். புளித்தது வேறு, பழுதானது வேறு. மீனுக்கும் அந்த வேறுபாடு தெரியும்.

கொண்டைக்கடலையையும் இவ்வாறே 12 மணித்தியாலம் ஊறவைத்து அரை மணி நேரம் அவிக்கலாம். சோளத்தைவிடப் பெரியது, சிறுமீனுக்கு வாயில் கொள்ளாது. ஆனால் கடலை விற்கும் விலைக்கு அதை அள்ளி வீச மனம் வராது. முள்ளில் மட்டும் கடலை, சுற்றிலும் சோளம் என்று பயன்படுத்துங்கள். கச்சானும் நல்ல இரைதான். இருந்தாலும் எண்ணெய்ச் சத்து கூடியது, விரைவில் காறும். பச்சையாகப் போடாமல் ஊறவைத்து அவித்து, சிறிதளவே பயன்படுத்துவது நல்லது.

மா இரை: பாண் முதல் பசைமா வரை

பாணைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 1952 செப்டெம்பரில் இங்கிலாந்தின் ரெட்மையர் குளத்தில் ரிச்சர்ட் வோக்கர் பிடித்த 44 இறாத்தல் கெண்டை, நீண்ட காலம் அந்த நாட்டின் சாதனையாக நின்றது. அதற்குக் கொடுத்த இரை பாணின் மேலோடும் மாப்பசையும்தான். மேலோடு மிதக்கும், பசை தாழும். இரண்டையும் சேர்த்தால் இரை சேற்றில் புதையாமல் மெல்ல அமரும். நம் குளங்களின் இளஞ்சேற்றுக்கும் இதே உத்தி பொருந்தும்.

முந்தைய நாள் பாணின் உட்பகுதியை எடுத்து, தண்ணீரில் ஒரு முறை நனைத்து, துணியில் கட்டிப் பிழியுங்கள். அதோடு கோதுமை மாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசையுங்கள். ரொட்டி மாவைவிட இறுக்கமாக இருக்கட்டும். சோதனை எளிது: ஒரு சிறு உருண்டையை ஒரு தம்ளர் தண்ணீரில் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் கரையத் தொடங்கினால் மா போதவில்லை. அரை மணிக்குப் பிறகும் தண்ணீர் தெளிவாகவே இருந்தால் இறுக்கம் அதிகம், வாசனை வெளியே வராது. மேற்பரப்பு மட்டும் மெல்லப் பூத்து, நடு உருண்டை கெட்டியாக நிற்க வேண்டும். பழைய ஆட்கள் சிறிது பஞ்சைப் பிரித்து மாவோடு சேர்ப்பார்கள். முள்ளில் நன்றாகப் பிடிக்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சில நிமிடம் ஆவியில் அவித்தாலும் அதே பலன். எனக்கு இரண்டாவதே விருப்பம்.

சிறுமீன் தொல்லை மிகுந்த குளத்துக்கு இன்னொரு வழி உண்டு. செலவு மா மட்டும்தான். கால் கிலோ கோதுமை மாவை இறுக்கமாகப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு ஒரு சட்டித் தண்ணீருக்குள் வைத்துப் பிசைந்து கழுவுங்கள். தண்ணீர் பால்போல் வெளுக்கும். மாற்றி மாற்றி ஊற்றுங்கள். தண்ணீர் ஏறக்குறையத் தெளிந்தபோது கையில் மிஞ்சுவது இறப்பர்போல் இழுபடும் பசைமா, 60 முதல் 75 கிராம்வரை கிடைக்கும். இதைச் சிறு துண்டுகளாக்கி இரண்டு மூன்று நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, கூனி ஊறிய நீரில் ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் முள்ளுக்குத் தயார். திலாப்பியா எவ்வளவு இழுத்தாலும் எளிதில் பிய்யாது. ரோகு விரும்பி எடுக்கும்.

கட்லாவுக்கு இதற்கு நேர்மாறு. அதற்கு உதிர வேண்டும். வறுத்த அரிசித் தவிடு இரண்டு பங்கு, ஊறவைத்துப் பிழிந்த தேங்காய்ப் புண்ணாக்கு ஒரு பங்கு, பாண் தூள் ஒரு பங்கு. தண்ணீரைத் தெளித்துப் பிட்டுக்கு மா விரவுவதுபோல் விரவுங்கள். பிடித்தால் உருண்டையாகவும் விரலால் தட்டினால் உதிரவும் வேண்டும். தேசிக்காய் அளவு உருண்டைக்குள் சிறிய முட்களை மறைத்து, மிதப்பின் கீழே மேல்நீரில் தொங்கவிட்டால் அது கரைந்து புகைபோல் பரவும். கட்லா அந்தப் புகையை உறிஞ்ச வரும்போது முள்ளும் உள்ளே போகும். புண்ணாக்கை மூக்கில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். காறல் எண்ணெய் வாடை வந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

திரிபோஷாவில் நல்ல மா இரை வரும் என்று சிலர் சொல்வார்கள். வரும்தான். ஆனால் அது கர்ப்பிணித் தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் கொடுக்கப்படுவது. குளத்தில் கொட்ட அல்ல.

புழு

மண்புழுவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா மீனும் தின்னும், அதுதான் குறையும். மாரிக்குப் பின் குளம் நிரம்பி, அலைகரையில் புல் முளைத்த புதுநிலம் நீரில் மூழ்கும் காலத்தில் கெண்டை அங்கே மேயும். அப்போது புழு சிறந்தது. வாழையடியிலும் பழைய மாட்டெருக் கும்பத்தின் ஓரத்திலும் தோண்டுங்கள். இரசாயன உரமோ களைகொல்லியோ போட்ட வயல் வரப்பைத் தவிர்த்துவிடுங்கள். துளையிட்ட மண்சட்டியில் ஈரத் தும்புத்தூளைப் போட்டு, பிழிந்தால் ஒரு சொட்டு மட்டும் வரும் ஈரத்தில் வைத்து, நிழலில் ஈரச்சாக்கால் மூடினால் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும். செத்த புழுவை அன்றாடம் எடுத்துவிடுங்கள்; ஒன்று அழுகினால் மற்றவையும் போய்விடும்.

பொயிலி: தேவையா?

மா, முட்டை கலந்து உருட்டிக் கொதிநீரில் அவித்த உருண்டைக்கு இங்கிலாந்தில் வைத்த பெயர் பொயிலி. சிறுமீன் உடைக்க முடியாத தோல் அதற்கு வந்துவிடும் என்பதே அவிப்பதன் நோக்கம். பெரிய சாதாரண கெண்டை இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த குளத்துக்கு மட்டும் இந்த உழைப்புத் தகும். ரவை 250 கிராம், கடலை மா 150 கிராம், வறுத்துப் பொடித்த நெத்தலிக் கருவாடு 100 கிராம். ஐந்தாறு முட்டையை அடித்து, இந்தக் கலவையைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசையுங்கள். கருவாடு உப்பாக இருந்தால் முதலில் கழுவிக் காயவைக்க வேண்டும். கொண்டைக்கடலை அளவுக்கோ சற்றுப் பெரிதாகவோ உருட்டி, கொதிக்கும் நீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒன்றரை நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். கூட நேரம் அவித்தால் வாசனை எல்லாம் தண்ணீருக்குப் போய்விடும். நிழலில், காற்றோட்டமாக, சுளகில் பரப்பி ஒரு நாள் உலர்த்துங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அரை நாளே போதும். எறும்புக்குச் சுளகின் கீழே தண்ணீர்த் தட்டு வையுங்கள்.

வாசனை சேர்ப்பது

மீன் மூக்கால் முகர்வதும் மீசையால் சுவைப்பதும் நீரில் கரைந்த பொருளைத்தான். அமினோ அமிலம் நிறைந்தவை அதை இழுக்கும். நம் ஊரில் அதற்குக் கூனியைவிட எளிதான சரக்கு இல்லை: ஒரு கைப்பிடி கூனியை வறுத்துப் பொடித்து மாவில் சேர்த்தால் போதும். தாவர இரைக்கு வறுத்த வெந்தயப் பொடி, பெருஞ்சீரகம், சிறிது சீனி. அரைக் கிலோ மாவுக்கு ஒரு மேசைக்கரண்டியைத் தாண்ட வேண்டாம். கூனியையும் வனிலாவையும் ஏலக்காயையும் ஒன்றாகக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மீனுக்காகச் செய்வதில்லை, தமக்காகச் செய்வது.

கையைக் கவனியுங்கள். மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் ஊற்றிய கை, நுளம்பு மருந்து பூசிய கை, சிகரெட் பிடித்த கை மூன்றும் நல்ல இரையைக் கெடுக்கும். குளக்கரைச் சேற்றால் தேய்த்துக் கழுவிவிட்டு இரையைத் தொடுங்கள்.

சேமித்தல்

உலர்ந்த சரக்கும் ஈரச் சரக்கும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. தவிட்டை வறுத்து ஆறவைத்து இறுக மூடும் வாளியில் வையுங்கள். வறுக்காத தவிடு சில நாளிலேயே காறத் தொடங்கும். புண்ணாக்கை வெயிலில் ஒரு முறை காயவைத்து அடைக்கலாம். மாரி காலத்தில், ஐப்பசி தொடங்கித் தை வரை, காற்றிலேயே ஈரம் இருப்பதால் அதிகம் வாங்கிச் சேர்க்காமல் அவ்வப்போது வாங்குவதே நல்லது.

அவித்த சோளத்தை அதன் நீரோடு குளிர்சாதனப் பெட்டியில் நான்கைந்து நாள் வைக்கலாம். உறைய வைப்பதென்றால் ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகப் பொலித்தீன் பைகளில் பிரித்துக் கட்டுங்கள். ஒரு முறை உருகியதை மீண்டும் உறைய வைக்க வேண்டாம். பொயிலியும் அப்படியே. மா இரையைச் சேமிக்க முயலாதீர்கள், போகும் அன்று காலையில் பிசையுங்கள். குளத்தங்கரைக்குக் கொண்டுபோகும்போது ஈரத்துணியால் சுற்றி மண்சட்டியில் வைத்து மர நிழலில் விடுங்கள். பிளாஸ்டிக் பெட்டியை வெயிலில் விட்டால் உள்ளே இருப்பது வெந்துவிடும்.

முள்ளில் ஏற்றுவதும் தூவுவதும்

சோளத்தை முள்ளில் நேராகக் குத்தலாம், ஒன்றோ இரண்டோ, நுனி வெளியே தெரியட்டும். ஆனால் கெண்டை உறிஞ்சித் துப்புகிற மீன் என்பதால் இன்னொரு முறை கூடுதலாகப் பலிக்கும். ஹெயார் ரிக் எனப்படும் அந்த முறையை 1980ஐ ஒட்டி லென்னி மிடில்டனும் கெவின் மடொக்ஸும் இங்கிலாந்தில் உருவாக்கினார்கள். இரை முள்ளில் இருக்காது. முள்ளின் வளைவுக்குப் பின்னால் தொங்கும் ஒரு சிறு இழையில் இருக்கும். மீன் இரையை உறிஞ்சும்போது வெறும் முள்ளும் கூடவே உள்ளே போய், துப்பும்போது உதட்டில் மாட்டும். முள்ளைக் கட்டிய தங்கூசியின் மிச்ச நுனியை வெட்டாமல் விட்டு, அதில் சிறு கண்ணி போடுங்கள். தையல் ஊசியால் மூன்று சோள மணிகளைத் துளைத்து இழையில் இழுத்து, கண்ணிக்குள் அரை அங்குல ஈர்க்குத் துண்டைச் செருகினால் மணி கழராது. கடைசி மணிக்கும் முள்ளுக்கும் இடையே சில மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். 6 அல்லது 8ஆம் இலக்க முள் போதும்.

தூவும் சோளத்தில் சிக்கனம் வேண்டும். தொடக்கத்தில் இரண்டு கைப்பிடி, பிறகு மீன் எடுத்தால் மட்டும் இன்னொரு கைப்பிடி. ஆவணி, புரட்டாதியில் சிறுபோகத்துக்கு நீர் போய்க் குளம் வற்றியிருக்கும்போது இதையும் பாதியாக்குங்கள். தின்னாத இரை சூடான நீரில் அழுகி ஒட்சிசனைக் குறைக்கும். அந்தக் காலத்தில் பச்சைத் தண்ணீரில் விடியற்காலையில்தான் ஒட்சிசன் ஆகக் குறைவு. இருட்டோடு போய் அமர்வதைவிடச் சூரியன் எழுந்து ஒரு மணி நேரம் கழித்துத் தூண்டில் போடுவது பயன் தரும். துருசுக்கும் வான் கதவுக்கும் அருகே போடாதீர்கள். நீரோட்டம் இரையை இழுத்துவிடும், ஆபத்தும் உண்டு.

சேனாநாயக்க சமுத்திரத்தில் தூண்டில் போட நினைப்பவர்கள் அதைச் சூழ்ந்திருப்பது 1954 முதல் கல்லோயா தேசியப் பூங்கா என்பதை நினைவில் கொண்டு, முதலில் வனசீவராசிகள் திணைக்களத்திடம் அனுமதி பெற வேண்டும். மற்றக் குளங்களிலும் முதலை இருக்கக்கூடும் என்று எண்ணி, இடுப்பளவு நீரில் இறங்கி நின்று இரை தூவுவதைத் தவிருங்கள். யானை நடமாட்டமுள்ள உன்னிச்சை, நவகிரி போன்ற பக்கங்களில் மாலை நான்கு மணிக்கே சாமானைக் கட்டிவிடுவது நல்லது. அவித்த சோளமும் புளித்த தவிடும் நிறைந்த வாளியோடு இருட்டில் காட்டோரமாக நடப்பது யானைக்கு அழைப்பு வைப்பதுதான்.

மீந்த சோளத்தைக் குளத்தில் கொட்டாமல் வடித்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அன்று அவித்ததானால் கோழிக்குப் போடலாம். புளித்ததையும் கூனி கலந்த மாவையும் தென்னையடியில் ஒரு முழ ஆழத்தில் புதைத்துவிடுங்கள். மேலாகப் புதைத்தால் இரவே நாய் வந்து கிளறிவிடும்.